குடும்ப சிகிச்சை முதுநிலைப் படிப்பு: சேரும் முன் கல்லூரியிடம் எதைக் கேட்பது?

பாலக்கோடு மலர்

அனைவருக்கும் வணக்கம். உளவியலில் இளநிலை முடித்துவிட்டு ஒரு தொண்டு நிறுவனத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆற்றுப்படுத்துநராக வேலை செய்கிறேன். பிள்ளையை மட்டும் தனியே உட்கார வைத்துப் பேசுவதில் பயன் குறைவு, வீட்டையே சேர்த்து உட்கார வைக்க வேண்டும் என்று தோன்றியதால் முதுநிலை படிக்கப் போகிறேன். இரண்டு இடங்களில் சேர்க்கை கிடைத்திருக்கிறது. ஒன்று பெங்களூரில், குடும்ப சிகிச்சையைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட ஆலோசனை உளவியல். இன்னொன்று சேலம் பக்கம், மருத்துவ மனநல சமூகப்பணியைச் சிறப்புப் பாடமாகக் கொண்ட எம்.எஸ்.டபிள்யூ (சமூகப்பணி முதுநிலை).

இரண்டு கல்லூரிக் கையேட்டிலும் 'மாணவர் நலன்' என்று ஒரு பக்கம் இருக்கிறது. நூலகம், விடுதி, இணைய வசதி, ஆலோசனை மையம், வேலைவாய்ப்புப் பிரிவு, குறைதீர்க்கும் குழு. இரண்டையும் ஒரே ஆள் உட்கார்ந்து எழுதியிருப்பாரோ என்று சந்தேகம் வருகிறது. அப்பாவுக்குத் தக்காளி மண்டியில் கமிஷன் வியாபாரம். விலை விழுந்த மாதங்களில் வீட்டில் கையிருப்பு இருக்காது. படித்தவர்களும் படித்துக்கொண்டிருப்பவர்களும் சொல்லுங்கள்: இந்தப் பக்கத்தில் எது உண்மையில் உதவும், எது அலங்காரம்?

தகடூரான்

தங்கச்சி, முதலில் வேலையைக் கேளுங்கள், பிறகு நூலகத்தைக் கேட்கலாம். நம் மாவட்டத்தில் இந்தப் படிப்புக்கு எங்கே வேலை இருக்கிறது? மாவட்ட மனநலத் திட்டத்தில் சில இடங்கள், பெண்களுக்கான ஒருங்கிணைந்த சேவை மையம், குழந்தைகள் பாதுகாப்பு அலகு, குடும்பநல நீதிமன்றம். பெரும்பாலும் ஒப்பந்தப் பணி. லட்சக்கணக்கில் கொட்டிப் படித்துவிட்டு ஓசூர் தொழிற்சாலைச் சம்பளத்தைவிடக் குறைவாக வாங்குவதற்கு இரண்டு வருடமா? குடும்பச் சண்டையை எங்கள் ஊரில் பெரிய மனிதர்கள் திண்ணையில் உட்கார்ந்தே பேசித் தீர்த்தார்கள்.

ஓசூர் பயணி

தகடூரான் அண்ணா, அந்தத் திண்ணையில் மருமகளுக்கு இடம் இருந்ததா என்பதை வேறொரு இழையில் பேசிக்கொள்வோம். வேலை பற்றி நீங்கள் சொன்னது சரிதான், மறுக்கவில்லை.

மலர் அக்கா, நான் பெங்களூரில் இதே போன்ற படிப்பில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஓசூரிலிருந்து தினமும் போய்வருகிறேன். கல்லூரிக் கட்டணம் கையேட்டில் அச்சாகி இருக்கும். அச்சாகாத செலவுகள்தான் வலிக்கும். களப்பணிக்குப் போகும் பயணச்செலவு நம் தலையில். பயிலரங்கக் கட்டணம் தனி. சில கல்லூரிகளில் மாணவர்களும் வெளியே ஓர் ஆலோசகரிடம் சில அமர்வுகள் போய்வர வேண்டும் என்று விதி இருக்கிறது. நல்ல விதி, ஆனால் ஒவ்வோர் அமர்வுக்கும் பணம் யார் தருவது என்பதைச் சேரும் முன்பே கேளுங்கள்.

உதவித்தொகை பற்றி: புதுமைப் பெண் திட்டத்தின் மாதம் ஆயிரம் ரூபாய் முதுநிலைக்கு வராது. எங்கள் வகுப்பில் பலர் அதை நம்பி ஏமாந்தார்கள். ஆதிதிராவிடர், பழங்குடியினர் என்றால் மெட்ரிக் மேற்படிப்பு உதவித்தொகை முதுநிலைக்கும் உண்டு, பெற்றோர் ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும். பிற்படுத்தப்பட்டோர், மிகவும் பிற்படுத்தப்பட்டோர் என்றால் வெளிமாநிலத் தனியார் கல்லூரிக்கு அந்த உதவி வந்துவிடும் என்று நினைத்துக் கணக்குப் போடாதீர்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலக வளாகத்தில் உள்ள நல அலுவலகத்தில் நேரில் கேட்டுவிடுங்கள். கல்விக்கடன் 4 லட்சம் வரை நம் பங்காக முன்பணமும் வேண்டாம், சொத்துப் பிணையும் வேண்டாம். அரசின் கல்விக்கடன் உத்தரவாத நிதித் திட்டத்தின் கீழ் 7.5 லட்சம் வரை சொத்துப் பிணை கேட்கக் கூடாது. வங்கி மேலாளர் கேட்டால் வித்யாலட்சுமி என்ற கல்விக்கடன் தளத்தில் போட்ட விண்ணப்ப எண்ணைக் காட்டிப் பேசுங்கள்.

நூலகத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். இக்னோ எனப்படும் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மற்றும் குடும்ப சிகிச்சை முதுநிலைப் பாடநூல்கள் இ-ஞானகோஷ் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. எங்கள் நூலகத்தில் உள்ள பல புத்தகங்களைவிட அவை இந்தியக் குடும்பத்துக்கு நெருக்கமானவை. முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா என்ற இணையதளம் இருக்கிறது.

கெலமங்கலம் ரவி

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். இக்னோ பாடநூல் நன்றாக இருக்கிறது என்றால் அந்தப் படிப்பையே தொலைநிலைக் கல்வியில் படித்துவிடலாமே? செலவு பாதியாகக் குறையும்.

கிருஷ்ணகிரி பெரியவர்

தம்பி ரவி, 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியல் உள்ளிட்ட உடல்நலம் சார்ந்த படிப்புகளைத் தொலைநிலையிலும் இணைய வழியிலும் நடத்தக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு சொல்லிவிட்டது. துணைமருத்துவத் தொழில்களுக்கான 2021ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் இவை வந்ததுதான் காரணம். யாராவது தொலைநிலையில் இடம் இருக்கிறது என்று அழைத்தால் அந்தச் சுற்றறிக்கையைக் காட்டி விளக்கம் கேளுங்கள். அதைத் தவிர, குடும்ப சிகிச்சை என்பது ஒரு குடும்பத்தின் எதிரில் உட்கார்ந்து பழக வேண்டிய வேலை. தபாலில் நீச்சல் கற்றுக்கொள்ள முடியாது.

மலர், நான் மனநல சமூகப்பணியில் இருந்து ஓய்வு பெற்றவன். களப்பணி மாணவர்களுக்கு நெடுங்காலம் மேற்பார்வை செய்திருக்கிறேன். கையேட்டின் அந்தப் பக்கத்தில் இல்லாத ஒன்றைச் சொல்கிறேன். இந்தப் படிப்பில் மாணவருக்குக் கிடைக்கும் முதல் ஆதரவே மேற்பார்வையாளர்தான். விடுதி சுமாராக இருந்தால் சமாளித்துவிடலாம். மேற்பார்வை சுமாராக இருந்தால் நீங்களும் கெடுவீர்கள், உங்களிடம் வரும் குடும்பமும் கெடும்.

ஆகவே கல்லூரியில் இதைக் கேளுங்கள். மேற்பார்வையாளர் இப்போதும் குடும்பங்களைப் பார்க்கிறாரா, அல்லது பாடம் மட்டும் நடத்துகிறாரா? அவருக்குக் கீழே எத்தனை மாணவர்கள்? வாரம் ஒருமுறையாவது தனியாக உட்கார்ந்து பேசுவாரா, அல்லது களப்பணி அறிக்கையில் 'பார்த்தேன்' என்று கையெழுத்து மட்டும் போடுவாரா? நீங்கள் நடத்தும் அமர்வை அவர் எப்போதாவது நேரில் பார்ப்பாரா? மாணவர் சொல்வதைக் கேட்டு மட்டும் மேற்பார்வை செய்தால், மாணவர் கவனிக்காத விஷயம் அவருக்கும் தெரியாமலே போகும். மாமியார் பேசும்போது மருமகள் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்ததை நீங்கள் பார்க்கத் தவறினால் அறிக்கையில் அது எப்படி வரும்?

கடல்கடந்த ஊத்தங்கரை

ஐயா சொன்னதற்கு இங்கிருந்து ஒரு சேர்க்கை. நான் கலிபோர்னியாவில் திருமணம் மற்றும் குடும்ப சிகிச்சை முதுநிலை முடித்தவள். இங்கே இது தனி உரிமம் உள்ள தொழில். இத்துறைப் படிப்புகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பின் தர விதியில் மாணவர் குறைந்தது 300 மணி நேரம் நேரடியாகச் சிகிச்சை நடத்த வேண்டும், அதில் 100 மணி தம்பதியோ குடும்பமோ சேர்ந்து உட்கார்ந்த அமர்வாக இருக்க வேண்டும் என்று இருக்கிறது. மேற்பார்வை மட்டும் 100 மணி நேரம், அதில் பாதி ஒளிப்பதிவு, ஒலிப்பதிவு அல்லது நேரடிப் பார்வையை வைத்து நடக்க வேண்டும். படிப்பு முடித்தால் மட்டும் போதாது, கலிபோர்னியாவில் உரிமம் பெற மொத்தம் 3000 மணி நேரம் மேற்பார்வையோடு வேலை செய்தாக வேண்டும்.

இதையெல்லாம் அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் மணிக்கணக்கைக் கேட்பது நல்ல அளவுகோல். 'இரண்டு ஆண்டுகளில் ஒரு மாணவர் எத்தனை குடும்பங்களைச் சேர்ந்து உட்கார வைத்துப் பார்க்கிறார்?' என்று கேளுங்கள். தடுமாறாமல் பதில் வந்தால் அங்கே வேலை நடக்கிறது என்று பொருள்.

தகடூரான்

3000 மணி நேரமா! அதற்குள் அந்தத் தம்பதிக்குப் பேரன் பிறந்துவிடுவான்.

காரிமங்கலம் மாணவன்

இந்த இழையை மூன்று முறை படித்துவிட்டு எழுதுகிறேன். வேறு கணக்கிலிருந்து எழுதுகிறேன், யார் என்று தேட வேண்டாம்.

நான் முதலாம் ஆண்டு. எந்தக் கல்லூரி என்று சொல்ல மாட்டேன். எங்களுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்கள். அவரவர் குடும்பத்தின் மூன்று தலைமுறையை ஜீனோகிராமாக, அதாவது உறவுகளைக் குறியீடுகளால் காட்டும் குடும்ப வரைபடமாக வரைந்து வகுப்பில் விளக்க வேண்டும். மதிப்பெண் உண்டு. அப்பாவின் குடி, அக்காவை அவள் விருப்பம் கேட்காமல் தாய்மாமனுக்குக் கட்டிக்கொடுத்தது, பாட்டி அரளி விதை அரைத்துக் குடித்து இறந்தது, எல்லாம் அந்தத் தாளில் வந்துவிட்டது. வரைந்தபோது ஒன்றும் தெரியவில்லை. நின்று பேச ஆரம்பித்ததும் குரல் அடைத்துவிட்டது. ஆசிரியர் 'நல்ல முயற்சி, அடுத்தவர்' என்றார். வகுப்பில் இரண்டு பேர் நெருங்கிய உறவுக்குள் நடந்த திருமணத்தைக் குறிக்கும் இரட்டைக்கோட்டைப் பார்த்துச் சிரித்தார்கள். அதன் பிறகு பல நாள் தூக்கம் இல்லை. இப்போதும் அந்த ஆசிரியரின் வகுப்புக்குப் போனால் கை வியர்க்கிறது.

ஆசிரியரிடமே போய்ச் சொல்லலாமா? அவர் நல்லவர்தான். எனக்கு ஆலோசனை தரும்படி அவரையே கேட்கலாமா என்று யோசிக்கிறேன்.

கடல்கடந்த ஊத்தங்கரை

தம்பி, சொல்லுங்கள், ஆனால் ஆலோசனை தரும்படி அவரைக் கேட்காதீர்கள். இங்குள்ள குடும்ப சிகிச்சையாளர் சங்கத்தின் நெறிமுறையில் இது தெளிவாகவே இருக்கிறது: இப்போது தன்னிடம் படிக்கும் மாணவருக்கும் தன் மேற்பார்வையில் உள்ளவருக்கும் யாரும் சிகிச்சை தரக் கூடாது. மதிப்பெண் போடும் கையும் உங்கள் வீட்டு ரகசியத்தைக் கேட்கும் காதும் ஒரே ஆளுடையதாக இருந்தால் இரண்டுமே கெட்டுவிடும். நாளைக்கு உங்களைத் தேர்ச்சி பெறவிடாமல் செய்தால் வீட்டு விஷயம் தெரிந்ததால்தான் என்று தோன்றும். தேர்ச்சி கொடுத்தாலும் அப்படியே தோன்றும்.

அவரிடம் சொல்ல வேண்டியது வேறு. 'அந்தப் பயிற்சி என்னைப் பாதித்தது, வெளியே ஒருவரைப் பார்க்க வழி சொல்லுங்கள்' என்பது மட்டும் போதும். விவரம் எதுவும் சொல்ல வேண்டியதில்லை.

கிருஷ்ணகிரி பெரியவர்

காரிமங்கலம் தம்பி, முதலில் 14416-க்கு ஒரு முறை அழையுங்கள். இது தமிழ்நாடு அரசின் 'நட்புடன் உங்களோடு' மனநல சேவை. இரவிலும் எடுப்பார்கள், தமிழில் பேசுவார்கள், பெயர் சொல்லக் கட்டாயம் இல்லை. தூக்கமின்மை நீடித்தால் தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் போங்கள். அங்கே தெரிந்தவர் யாராவது பார்த்துவிடுவார்களே என்று தயக்கமாக இருந்தால் சேலத்துக்குப் போங்கள். அந்தத் தயக்கம் நியாயமானதுதான், அதற்காக வெட்கப்பட வேண்டாம்.

இப்போது அந்தப் பயிற்சி. சிகிச்சையாளர் தன் சொந்தக் குடும்பத்தைப் புரிந்துகொள்ள வேண்டும் என்பது குடும்ப சிகிச்சை முன்னோடி மர்ரே போவன் காலத்திலிருந்தே இத்துறையில் உள்ள பழக்கம். 1967இல் அவரே ஒரு மாநாட்டில் தன் குடும்பத்துக்குள் தான் செய்த வேலையை எடுத்துப் பேசியவர். அந்த வேலை மாணவருக்கு அவசியம் என்றுதான் நானும் நினைக்கிறேன். அதை வகுப்பு முன்னால், மதிப்பெண்ணுக்காக, பிறகு யாரும் கவனிக்காதபடி செய்ய வைப்பது சரியல்ல. என்னிடம் வந்த மாணவர்களுக்குச் சொந்தக் குடும்பத்தையும் வரையலாம், கற்பனைக் குடும்பத்தையும் வரையலாம் என்று இரண்டு வழி வைத்திருந்தேன். வரைந்ததைத் தனியே என்னிடம் காட்டினால் போதும். எது கற்பனை என்று நான் கேட்டதில்லை.

மலர், உங்கள் கேள்விப் பட்டியலில் இதைச் சேர்த்துக்கொள்ளுங்கள்: சொந்த வாழ்வைப் பகிரும் பயிற்சிகள் உண்டா, மறுத்தால் மதிப்பெண் குறையுமா, பாதிக்கப்பட்டால் யாரிடம் போவது?

ஓசூர் பயணி

தம்பி, இரட்டைக்கோட்டைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும் போல இருக்கிறது. நாட்டிலேயே உறவுக்குள் திருமணம் அதிகமாக உள்ள மாநிலங்களில் தமிழ்நாடும் கர்நாடகமும் வருகின்றன, தேசியக் குடும்ப நல ஆய்விலேயே இருக்கிறது. எங்கள் பாடத்தில் இதற்கு ஒரே ஒரு பத்தி. அமெரிக்கப் பாடப்புத்தக வரைபடத்தில் கணவனின் வீடு ஒரு பக்கம், மனைவியின் வீடு ஒரு பக்கம் என்று அழகாகப் பிரிந்திருக்கும். தேன்கனிக்கோட்டையில் ஒரு குடும்பத்தை நான் வரைந்தபோது மாமியாரும் பாட்டியும் ஒரே ஆள், வரைபடத்தில் ஒரே வட்டம். குடும்ப சிகிச்சை முன்னோடி மினுசின் சொல்லும், உறுப்பினர்களுக்கு இடையிலான எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்று மேற்பார்வையாளருக்கும் எனக்கும் அரை மணி நேரம் வாக்குவாதம். அந்த அரை மணி நேரத்தில் கற்றதை எந்த நூலகமும் தந்ததில்லை.

மொழி பற்றியும் ஒரு வார்த்தை. வகுப்பில் நடிப்புப் பயிற்சி முழுவதும் ஆங்கிலத்தில். களத்தில் கன்னடம். நான் ஓசூர் என்பதால் கன்னடமும் தெலுங்கும் ஓரளவு வரும், தப்பித்தேன். பாலக்கோட்டிலிருந்து வரும் உங்களுக்குக் கன்னடம் தெரியாவிட்டால் முதல் ஆண்டில் தமிழ் பேசும் குடும்பங்கள் கிடைக்கும் களத்தைக் கேட்டு வாங்குங்கள். பெங்களூரில் அதற்குப் பஞ்சமில்லை.

பாலக்கோடு மலர்

இவ்வளவு வரும் என்று நினைக்கவில்லை. காரிமங்கலம் தம்பி, நீங்கள் எழுதியதற்கு நன்றி. அக்காவாக ஒன்று சொல்கிறேன், இன்றே அந்த எண்ணுக்கு அழையுங்கள்.

பெரியவர் ஐயாவிடம் ஒரு கேள்வி. சேலம் பக்கம் சேர்ந்தால் களப்பணியை நம் மாவட்டத்திலேயே போடுவார்கள். அது வசதியா, ஆபத்தா? இப்போதே ஒரு வீட்டுக்குப் போனால் 'நீ எந்த ஊர், யார் மகள்' என்பதுதான் முதல் கேள்வி. அப்பாவை மண்டியில் தெரியாத ஆள் இல்லை. இன்னொன்று, பெண் பிள்ளைக்குப் பதினாறு வயதில் நிச்சயம் செய்திருப்பது தெரிய வந்தால் மாணவராக நான் என்ன செய்வது?

கிருஷ்ணகிரி பெரியவர்

முதல் கேள்விக்கு: வசதிதான், ஆபத்தும்தான். உறவினரோ அப்பாவோடு கொடுக்கல் வாங்கல் உள்ளவரோ வந்தால் வேறு மாணவருக்கு மாற்றும் வழி இருக்க வேண்டும். காரணத்தை எல்லோருக்கும் விளக்காமலே மாற்றிக்கொள்ள முடிய வேண்டும்.

இரண்டாவது கேள்விதான் என்னைப் பொறுத்தவரை கல்லூரியைச் சோதிக்கும் கேள்வி. பதினாறு வயதுத் திருமணம் என்றால் 2006ஆம் ஆண்டு குழந்தைத் திருமணத் தடைச் சட்டம், குழந்தைகள் உதவி எண் 1098. பதினெட்டு வயதுக்குக் கீழ் உள்ளவர் மீது பாலியல் குற்றம் நடந்திருப்பது தெரிந்தால் 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி தகவல் தர வேண்டியது எல்லோருக்கும் கட்டாயம். மாணவருக்கு விலக்கு இல்லை, தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. அந்த நேரத்தில் 'நீயே பார்த்துக்கொள்' என்று விட்டுவிடும் கல்லூரியும் இருக்கிறது. உடனே தொலைபேசியை எடுத்து, 'நீ பேசாதே, நான் பேசுகிறேன்' என்று வண்டி ஏறி வரும் மேற்பார்வையாளரும் இருக்கிறார். மாலை ஏழு மணிக்கு இப்படி ஒன்று நடந்தால் யாரை அழைப்பது, அந்த எண் எழுத்தில் கையில் தரப்படுமா என்று கேளுங்கள். தகவல் கொடுத்த பிறகு அந்த ஊருக்கு மறுபடி உங்களைத் தனியே அனுப்புவார்களா என்பதையும் கேளுங்கள்.

இன்னொன்று. இங்கே பாதி வீடுகளில் அப்பா பெங்களூரில் கட்டட வேலையிலோ பேக்கரியிலோ இருப்பார். ஞாயிற்றுக்கிழமைதான் ஊருக்கு வருவார். கல்லூரி களப்பணி நாளைச் செவ்வாய், வியாழன் என்று வைத்தால் நீங்கள் இரண்டு ஆண்டும் அம்மாவையும் பாட்டியையும் மட்டுமே பார்ப்பீர்கள். பிறகு 'தந்தை ஒத்துழைக்கவில்லை' என்று அறிக்கை எழுதுவீர்கள். ஞாயிறு அமர்வைக் களப்பணி நேரமாகக் கணக்கில் எடுப்பார்களா, அன்று மேற்பார்வையாளர் கிடைப்பாரா?

குடும்பத்தைச் சேர்த்து உட்கார வைப்பது வெளிநாட்டுச் சரக்கு என்று தகடூரான் நினைக்கக் கூடும் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 1950களிலேயே அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் மருத்துவர் வித்யா சாகர் வளாகத்தில் கூடாரம் போட்டு, நோயாளியோடு குடும்பத்தையும் தங்க வைத்தார். வேலூர் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பத்தார் உடன் தங்குவது நெடுநாள் வழக்கம். பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்திலும் அந்த மரபு தொடர்ந்தது.

தகடூரான்

வெளிநாட்டுச் சரக்கு என்று நான் சொல்லவில்லை ஐயா, விலை அதிகம் என்றுதான் சொன்னேன். அமிர்தசரஸ் கூடாரத்தில் வேலை செய்தவர்களுக்குச் சம்பளம் ஒழுங்காக வந்திருக்கும் என்று நம்புகிறேன்.

கெலமங்கலம் ரவி

எம்.எஸ்.டபிள்யூ முடித்தால் மனநல சமூகப்பணியாளர் என்று போட்டுக்கொள்ளலாமா?

கிருஷ்ணகிரி பெரியவர்

முடியாது தம்பி. 2017 மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின்படி சமூகப்பணி முதுநிலைக்கு மேல் இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில். வேண்டும். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிகளில் எம்.ஃபில். பட்டமே நிறுத்தப்பட்டது. இதற்கும் மருத்துவ உளவியலுக்கும் மட்டும் 2025-26 கல்வியாண்டு வரை நீட்டிப்புக் கொடுத்தார்கள். அடுத்த படி என்ன என்று மலர் இரண்டு கல்லூரியிலும் கேட்க வேண்டும். தெளிவாகப் பதில் சொல்லாத வேலைவாய்ப்புப் பிரிவால் பெரிய பயன் இருக்காது.

காரிமங்கலம் மாணவன்

அழைத்தேன். நன்றாகப் பேசினார்கள். ஆசிரியரிடம் ஊத்தங்கரை அக்கா சொன்ன அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் சொன்னேன். கல்லூரிக்கு வெளியே ஒருவரின் எண்ணைத் தந்தார், கட்டணத்தைத் துறையே ஏற்கும் என்றார். அப்படி ஓர் ஏற்பாடு ஏற்கெனவே இருந்திருக்கிறது, எங்கள் வகுப்பில் யாருக்கும் சொல்லப்படவில்லை.

பாலக்கோடு மலர்

இரண்டு கல்லூரிக்கும் பேசிவிட்டேன். பெங்களூரில் சேர்க்கை அலுவலகத்திலிருந்து துறைக்கு, துறையிலிருந்து மறுபடி சேர்க்கை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். கடைசியில் 'எல்லா வசதியும் உண்டு மேடம்' என்றார்கள். நடந்த குடும்ப அமர்வுகளின் எண்ணிக்கையைக் கேட்டதற்கு மின்னஞ்சல் அனுப்பச் சொன்னார்கள். அனுப்பியிருக்கிறேன்.

சேலம் பக்கத்துக் கல்லூரியில் களப்பணி ஒருங்கிணைப்பாளரே பேசினார். ஒரு மேற்பார்வையாளருக்கு ஆறு மாணவர்கள், வாரம் ஒரு தனிச் சந்திப்பு என்றார். ஒளிப்பதிவு வசதி இல்லை, ஆனால் மாதம் ஒருமுறை களத்துக்கு வந்து அமர்வில் உடன் உட்காருவதாகச் சொன்னார். ஞாயிறு பற்றிக் கேட்டபோது சிரித்தார், 'இதுவரை யாரும் கேட்டதில்லை, துறைக் கூட்டத்தில் வைக்கிறேன்' என்றார். பதினாறு வயதுப் பெண் பற்றிய கேள்விக்குத் தன் கைபேசி எண்ணையே சொன்னார். குடும்ப சிகிச்சை அங்கே ஒரு தாள் மட்டும்தான், அது குறைதான். ஆனாலும் சேலம் என்று ஏறக்குறைய முடிவு செய்துவிட்டேன். பெங்களூர் மின்னஞ்சலுக்கு வெள்ளிக்கிழமை வரை காத்திருப்பேன்.

ஓசூர் பயணி

சேலம் என்றால் உதவித்தொகைக் கணக்கும் மாறும் அக்கா, உள்மாநிலம் என்பதால் வாய்ப்பு அதிகம். வருமானச் சான்றிதழையும் சாதிச் சான்றிதழையும் இ-சேவை மையத்தில் இப்போதே போட்டு வையுங்கள். சேர்க்கை தொடங்கியதும் அங்கே கூட்டம் தாங்காது. மண்டிக் கமிஷன் மாதத்துக்கு மாதம் மாறுவதால் ஆண்டு வருமானத்தை எப்படிக் காட்டுவது என்று கிராம நிர்வாக அலுவலரிடம் அப்பாவையே பேசச் சொல்லுங்கள். ஒரு தாளுக்கு மேல் குடும்ப சிகிச்சை வேண்டுமென்றால் இக்னோ பாடநூலை இரண்டாம் ஆண்டுக்கு முன்பே படித்துவிடுங்கள். என்னுடைய குறிப்புகளைத் தனிமடலில் அனுப்புகிறேன்.